கன்னிமூலையில் ஓர் அணை

ஒரு கொத்தனாருக்கு நான் 6,000 ரூபாய் பாக்கி வைத்திருந்தேன். பாக்கி என்று இப்போதுதான் சொல்ல வருகிறது. பதினோரு வருஷமாக அதற்கு நான் வைத்திருந்த பெயர் ‘பிடித்தம்’. வங்கியில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்துதான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தேன். 2012 புரட்டாசியில் அவர் எங்கள் மொட்டைமாடியில் தட்டோடு, அதாவது தளத்தில் பதிக்கிற தட்டையான ஓடு, பதித்தார். ஐப்பசி பிறந்து பத்து நாளில், பழைய இடத்திலேயே, பழைய மாதிரியே ஒழுகியது. கடைசித் தவணையை நிறுத்திக்கொண்டேன். அவர் இரண்டு தடவை வந்து கேட்டார், மூன்றாவது தடவை வரவில்லை. எங்கள் திருநெல்வேலியில், முருகன்குறிச்சி பக்கம் எங்காவது எதிரே வந்தால் நான் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

வீடு 1994இல் கட்டியது. மகாராஜநகரில் உழவர் சந்தையெல்லாம் வருவதற்கு முந்தைய காலம். காங்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, நாலைந்து பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டினார்கள். அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். வாட்டம், அதாவது தளத்தின் சரிவு, முழுவதும் தென்மேற்கு மூலையைப் பார்த்து. மாடியில் விழுகிற மழையெல்லாம் அந்த மூலையில் இருக்கும் ஒரே தூம்பு வழியாகக் கீழே இறங்கிவிடும். பதினைந்து வருஷம் ஒரு சொட்டு உள்ளே வந்ததில்லை.

2009இல் கீழே இருந்த சிமெண்ட் தொட்டி விரிசல் விட்டதால் மாடியில் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி வைக்கலாம் என்று முடிவானது. எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இடமே இல்லை. என் மனைவியின் அண்ணனுக்கு வாஸ்துவில் அபார நம்பிக்கை. மேல்தொட்டி கன்னிமூலையில்தான் இருக்க வேண்டும், பாரம் அங்கேதான் ஏற வேண்டும் என்றார். கன்னிமூலை என்றால் தென்மேற்கு. அவரே ஆள் பிடித்துத் தந்தார். கைப்பிடிச்சுவரை ஒட்டி, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகக் குறுக்கே அடைத்து, கட்டாந்தரை மாதிரி ஒரு செங்கல் மேடை எழும்பியது. நிறைந்த தொட்டி ஒரு டன் கனம், உறுதியாக இருக்கட்டும் என்று நானும் நினைத்தேன். தூம்பு மேடைக்குப் பின்னால் போய்விட்டது. அதற்காக மேடையின் அடியில் இரண்டு அங்குலக் குழாய் ஒன்றைப் படுக்க வைத்துப் பூசினோம். தண்ணீருக்கு வழி விட்டாயிற்று என்று எனக்குப் பரம திருப்தி.

அதே கன்னிமூலையில்தான் கீழே எங்கள் படுக்கையறை. அதுவும் வாஸ்துப்படி.

2012இல் தட்டோடு பதிக்க வந்த கொத்தனார் முதல் நாளே மாடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேடைக்கு முன்னால் நின்றார். “அண்ணாச்சி, சொல்லுதேன்னு கோவிக்காதிய. இந்த மேடைய இடிச்சிட்டு நாலு தூண் வச்சுத் தொட்டியத் தூக்கிருவோம். தண்ணி அடியில ஓடிப் போயிரும்லா.”

“குழாய் விட்டிருக்கே, கொத்தனாரே.”

“இந்தக் குழாய்ல ஐப்பசி மழை போவுமா?”

வேலையைக் கூட்டிக் கூலியைக் கூட்டப் பார்க்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. தட்டோட்டை மட்டும் பதியுங்கள், மேடை என் பொறுப்பு என்றேன். இந்தக் கடைசி மூன்று சொற்களையும் நான் சௌகரியமாக மறந்துபோனேன்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். 2015இல் மாடி முழுக்க வெள்ளைப் பூச்சு. 2018இல் ஏழு வருஷ உத்தரவாதத்தோடு ஒரு ரசாயனம், இரண்டே வருஷத்தில் அது பாம்புச் சட்டை மாதிரி உரிந்தது. 2021இல் ரப்பர் போல ஒரு விரிப்பு. ஒவ்வொரு தடவையும் மேலிருந்து எதையாவது பூசினோம். கீழே படுக்கையறை மூலையில் ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து, ஒரு நாள் தேங்காய் மூடி அளவு காரை மெத்தையில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் கம்பி தெரிந்தது, செக்கச்செவேல் என்று. கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்துக் காங்கிரீட்டை உள்ளிருந்தே உடைத்துத் தள்ளும். இதை எனக்கு விளக்கிச் சொன்ன எஞ்சினியர் பையனிடம்கூட நான் அந்தக் கொத்தனாரைத்தான் திட்டினேன்.

மின்னியாபொலிஸில் ஒழுகிய வீடு

மகள் பிரசவத்துக்காக 2022 டிசம்பரில் நாங்கள் அமெரிக்கா போனோம். மினசோட்டா மாநிலம், மின்னியாபொலிஸ் நகரத்துக்குப் பக்கம். அந்தக் குளிர்காலம் அந்த ஊர்க்காரர்களுக்கே அதிகம்தான், பருவம் முடியும்போது 90 அங்குலம் பனி விழுந்திருந்தது. குற்றாலச் சாரலில் தலை நனைந்தாலே ஜலதோஷம் பிடிக்கிற உடம்பு எனக்கு. பெரும்பாலும் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தபடி நாளைக் கடத்தினேன்.

கூரை விளிம்பில் ஆளுயரத்துக்குப் பனிக்கூம்புகள் தொங்கின. வெயில் பட்டால் கண்ணாடித் தோரணம் மாதிரி மின்னும். போட்டோ எடுத்து ஊரில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். என் மாப்பிள்ளை மட்டும் அதைப் பார்த்து முகம் சுளித்தார். “அழகுதான் மாமா. ஆனா அது நோயோட அறிகுறி.” நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, குழந்தை தூங்கும் அறையின் ஜன்னல் சட்டத்தின் மேலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. சீலிங்கில் தேநீர்க் கறை மாதிரி ஒரு வட்டம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி, எல்லாமே உறைந்து கிடக்கிற ஊரில் வீட்டுக்குள் எங்கிருந்து தண்ணீர் வரும்?

“ஐஸ் டேம் மாமா” என்றார். பனிக்கட்டியால் ஆன அணை. அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது. அந்தச் சூடான காற்று மேலே ஏறி, சீலிங்கில் இருக்கிற சந்து பொந்து வழியாகப் பரணுக்குள் போய், கூரைப் பலகையை அடியிலிருந்து சூடாக்குகிறது. கூரைமேல் கிடக்கிற பனியின் அடிப்பகுதி உருகுகிறது. உருகிய தண்ணீர் சரிவில் இறங்கி விளிம்புக்கு வருகிறது. விளிம்போ சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற இறவாரம், அதன் கீழே வீடு இல்லை, சூடும் இல்லை. அங்கே வந்ததும் தண்ணீர் மறுபடி உறைகிறது. கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பு நெடுக ஒரு வரப்பு எழும்பிவிடுகிறது. அதற்குப் பின்னால் வருகிற தண்ணீர் போக வழியில்லாமல் தேங்குகிறது. அந்த ஊர்க் கூரையில் ஓட்டுக்குப் பதிலாகத் தார் பூசிய வில்லைகளை மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஆணி அடித்திருப்பார்கள். நம் நாட்டு ஓட்டுக் கணக்குதான். மேலிருந்து கீழே ஓடுகிற தண்ணீரை அது தடுக்கும். தேங்கி நின்று, கீழிருந்து மேலே ஏறி வருகிற தண்ணீருக்கு அதனிடம் பதில் கிடையாது.

கல்லிடைக்குறிச்சியில் என் ஆச்சி வீடு ஓட்டு வீடு. புரட்டாசியில் ஆள் விட்டு ஓடு பிரித்து மாற்றுவார்கள். உடைந்த ஓட்டுக்கு ஆச்சி ஒருபோதும் பதறியதில்லை. மலைக்குரங்கு இறங்கி வருகிற ஊர், ஓடு உடையத்தான் செய்யும். ஓட்டு மடிப்பில் வேப்பஞ்சருகு அடைந்து கிடந்தால்தான் வேலையாட்களைப் பிடித்துக் கத்துவாள். எதற்கு இந்தக் கிழவி குப்பைக்கு இந்தக் கத்து கத்துகிறாள் என்று சின்ன வயதில் நினைத்ததுண்டு. அது அங்கே, அந்தக் குளிரில், திடீரென்று ஞாபகம் வந்தது.

கோடாலியால் அந்தப் பனிக்கட்டியைப் பிளந்துவிடலாமே என்றேன். வில்லையும் சேர்ந்து பிளக்கும் என்றார். வெந்நீர் ஊற்றலாமா என்றேன். சிரித்தார், ஊற்றினால் அதுவும் கொஞ்ச நேரத்தில் உறைந்து வரப்பை இன்னும் உயர்த்துமாம். சாப்பாட்டு உப்பு மாதிரியான கல்லுப்பும் கூடாது, தகரத்தை அரிக்கும், கீழே செடியைக் கருக்கும். கடைசியில் என் மகளின் பழைய காலுறைகளில் கால்சியம் குளோரைடு நிரப்பி, ஏணியில் ஏறி, வரப்புக்குக் குறுக்கே படுக்க வைத்தார். அது மெல்ல உருக்கி ஒரு வாய்க்கால் வெட்டும், தேங்கிய தண்ணீர் அது வழியே இறங்கும். அடுத்து நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் பலகை வைத்த ஒரு கருவி. தரையில் நின்றபடியே கூரை விளிம்புப் பனியை அதை வைத்து வாரி இழுத்தோம். நெல் களத்தில் பலகை இழுப்பது மாதிரியேதான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பனி ஓய்ந்த பிறகு வீட்டைச் சோதிக்க ஒருவர் வந்தார். கூரைமேல் ஏறுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கூரைப்பக்கம் போகவே இல்லை. வாசல் கதவு நிலையில் துணியும் பெரிய மின்விசிறியும் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே இழுத்துவிட்டு, ஒரு வெப்பக் கேமராவைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக சீலிங்கைப் பார்த்தார். பரணுக்கு ஏறும் மூடியைச் சுற்றி இடைவெளி, சீலிங்கில் புதைத்த விளக்குகளைச் சுற்றி இடைவெளி. குளியலறை விசிறியின் குழாய் கழன்று, குளிக்கிற ஆவியெல்லாம் நேராகப் பரணுக்குள் போய்க்கொண்டிருந்தது. என் மனைவி வேறு தினமும் பேறுகாலக்காரிக்கு வெந்நீர் ஊற்றுவதென்று அரை மணி நேரம் அந்த அறையை ஆவியில் மூழ்கடித்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் ஜன்னல் வழியே எதிர்வீட்டுக் கூரையைக் காட்டினார். அதில் பனி ஒரே சீராக, மெத்தை போட்டது போலக் கிடந்தது. எங்கள் கூரையில் திட்டுத் திட்டாகக் கரைந்து கறுப்பு தெரிந்தது. உங்கள் கூரையில் குறை இல்லை, சூட்டைக் கீழேயிருந்து விடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, சந்துகளை அடைக்கவும், பரண் தரையில் கம்பளி மாதிரிப் பஞ்சைக் கனமாகப் பரப்பவும், பரணுக்குக் குளிர்ந்த காற்று போய்வர வழி விடவும் எழுதிக் கொடுத்தார். என்றைக்காவது கூரை மாற்றினால் விளிம்பில் வில்லைக்கு அடியில் ஒட்டுகிற விரிப்பு போடச் சொன்னார், சுவருக்கு உள்ளே குறைந்தது 24 அங்குலம் தாண்டுகிற மாதிரி.

மாப்பிள்ளை அதுவரைக்கும் கூரை போட்டவனைத் திட்டிக்கொண்டிருந்தார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன், எனக்கு நல்ல பழக்கம் இருந்தது.

டிசம்பர் 17

ஊருக்குத் திரும்பிய அந்த வருஷமே, 2023 டிசம்பர் 17. ஞாயிற்றுக்கிழமை. அந்த மழையைப் பற்றி நம் பக்கத்து ஆட்களிடம் விவரிக்க என்ன இருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் குளமாகிப் போனது, குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தாமிரபரணி ஆறு மூடியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று ஜனங்கள் தவித்தார்கள். ஆற்றங்கரையில் வீடும் பொருளும் பறிகொடுத்தவர்கள் இருக்கும்போது, மேட்டுத்தெருவில் படுக்கையறை ஒழுகிய கதையைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த கதை அதுதான்.

சாயங்காலமே மின்சாரம் போய்விட்டது. ராத்திரி எட்டு மணி இருக்கும். “ஏங்க, இது சொட்டலை, ஊத்துது” என்றாள் மனைவி. மூலையில் வைத்த வாளி அரை மணி நேரத்தில் நிறைந்தது. மெத்தையை ஹாலுக்கு இழுத்துப் போட்டோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டார்ச்சை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு மாடிக்கு ஏறினேன். அறுபத்தாறு வயதில் இது வேண்டுமா என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

இதை ஒப்புக்கொள்ள வேண்டும்: பதினான்கு வருஷத்தில் மழை பெய்துகொண்டிருக்கும்போது நான் மொட்டைமாடிக்குப் போனது அதுதான் முதல் தடவை. எப்போதும் மழை விட்ட பிறகு, வெயில் வந்த பிறகு, கொத்தனாரையோ பெயிண்ட்காரரையோ அழைத்துக்கொண்டுதான் போவேன். அப்போது மாடி காய்ந்து கிடக்கும். கண்ணுக்கு விரிசல்தான் தெரியும், விரிசலைத்தான் பூசுவோம்.

படிக்கட்டுக் கதவைத் திறந்து கால் வைத்தேன். அந்தப் பக்கம் தண்ணீர் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது. மேடையை நோக்கி நடக்க நடக்க விரல் நனைந்தது, கணுக்கால் நனைந்தது. மேடைக்கு முன்னால் வந்தபோது அது ஒரு சின்னக் குளம். டார்ச் வெளிச்சத்தில் சருகும் காக்கைச் சிறகும் யாரோ பறக்கவிட்ட பட்டத்தின் வாலும் மிதந்தன. மேடைக்கு அந்தப் பக்கம், தூம்பு இருக்கிற பக்கம் எட்டிப் பார்த்தேன். அங்கே தரையில் மழை விழுகிற ஈரம் மட்டும். தூம்பிலிருந்து சும்மா கடனுக்கு ஒரு நூல் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

குடையை மடக்கிவிட்டேன், எப்படியும் நனைந்தாயிற்று. மேடையின் இந்தப் பக்கம் குளம், அந்தப் பக்கம் வெறும் தரை. இந்தக் காட்சியை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று பிடிபட ஒரு நிமிஷம் ஆனது. காலுறையில் உப்பு நிரப்பி மாப்பிள்ளை படுக்க வைத்தாரே, அந்த வரப்பு. அங்கே குளிர் கட்டியதை இங்கே நான் செங்கல்லும் சிமெண்டும் வாங்கிக் கொடுத்துக் கட்டியிருந்தேன். அதுவும் சரியாக விளிம்பில், தண்ணீர் கடைசியாகத் தாண்ட வேண்டிய இடத்தில்.

மனக்கணக்குப் போடுகிற பழக்கம் எனக்கு எந்த நிலையிலும் போகாது. பத்துக்குப் பத்து அடியில் நாலு அங்குலம் தண்ணீர் என்றால் 940 லிட்டர் சொச்சம். ஒவ்வொரு பெருமழைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு தொட்டியை, அடிப்பாகம் இல்லாத தொட்டியை, என் படுக்கையின்மேல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஓடிப்போகிற தண்ணீர் மயிரிழை விரிசலைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். ராத்திரி முழுக்க நிற்கிற தண்ணீர் தட்டோட்டுச் சந்து, சுருக்கி என்கிற அந்தச் சுண்ணாம்புச் சல்லி, காங்கிரீட் தளம் என்று ஒவ்வொன்றாக இறங்கிக் கம்பியைத் தொட்டுவிடும். மேலே எந்தப் பூச்சு பூசினாலும் அது குளத்தின் அடியில் பூசிய பூச்சுதான்.

துணி காயப்போடுகிற மூங்கில் கம்பை உருவிக்கொண்டு வந்து, குழாய் இருக்கும் இடத்தைக் காலால் துழாவினேன். கிடைத்தது. குத்தினேன். ஒன்றும் அசையவில்லை. முழங்கால் போட்டு உட்கார்ந்து கையை விட்டேன். பிசுபிசுவென்று வேப்பிலைச் சேறு, ஏதோ எலும்பு, ஒரு துண்டுச் சாக்கு. இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி கம்பால் குத்தியபோது பெரிய ஏப்பம் விட்டது மாதிரிச் சத்தம் கேட்டது, அப்புறம் தண்ணீர் சுழி போட ஆரம்பித்தது. தூம்பு கொட்டுகிற சத்தம் கீழே சிமெண்ட் தரையில் கேட்டது. ஆனால் மழை விடவில்லை. குழாய் இரண்டு அங்குலம்தான். குளம் இரண்டு விரற்கடை இறங்கி அப்படியே நின்றுவிட்டது. வருவதும் போவதும் சமம்.

அந்த ராத்திரி மணிக்கு ஒரு தடவை மேலே போய்க் குழாயைக் குத்திவிட்டு வந்தேன். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, கொத்தனாரின் குரல் அதே ராகத்தில் கேட்டது. இந்தக் குழாய்ல ஐப்பசி மழை போவுமா.

இது எந்தக் கணக்கு

வெள்ளம் வடிந்து, பொங்கலும் கழிந்த பிறகுதான் அவரைத் தேடிப் போக முடிந்தது. மேலப்பாளையம் பக்கம் வீடு. முன்னைவிட மெலிந்திருந்தார், கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணாடி. இப்போது மகன்தான் வேலைக்குப் போகிறான், இவர் கூடப் போய் மேற்பார்வை. வெள்ளத்தில் இடிந்த சுவர்களாலேயே மூச்சுவிட நேரமில்லை என்றார். கவரை நீட்டினேன். பிரித்து எண்ணிப் பார்த்தார்.

“இது எந்தக் கணக்கு அண்ணாச்சி?”

“மகாராஜநகர். தட்டோடு.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சித்தாள் கூலியக் கைக்காசு போட்டுத்தான் கொடுத்தேன் அப்ப” என்றார். குற்றம் சொல்கிற குரலில்லை, நினைவுபடுத்திக்கொள்கிற குரல். நான் குழாய் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன், அமெரிக்காவையும் பனியையும் உள்ளே கொண்டுவந்தேன், எனக்கே அது நீளமாகப் பட்டது. அவர் பாதியில் நிறுத்தி, “மேடைய இடிக்கவா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். இடிக்க, அள்ளிக் கொட்ட, நாலு தூண், மேலே பலகைத் தளம், குழாய் மாற்று, அந்த இடத்தில் வாட்டம் எடுத்துப் பூச்சு, கீழே கம்பிக்குத் துரு சுரண்டி மருந்து அடித்துக் காரை என்று விரல்விட்டு எண்ணி 24,000 ஆகும் என்றார். சரி என்றேன். அப்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். “இந்த ஆறாயிரத்தை இதுல கழிச்சுக்கிடலாமா?” என்று கேட்டுவிட்டேன். தமாஷாகத்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

“அது வேற, இது வேற” என்று கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மாசி முதல் வாரத்தில் வேலை நடந்தது. தொட்டி கன்னிமூலையிலேயே இருக்கிறது, மச்சினருக்கும் குறையில்லை. இப்போது அது முக்கால் அடி உயரத் தூண்களில் நிற்கிறது. மகன் ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பூசினான். பெரியவர் அதை நம்பவில்லை. படிக்கட்டுப் பக்கம் என்னை ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தரையில் மெதுவாகச் சாய்த்தார். தண்ணீர் ஒரு நொடி யோசிப்பது மாதிரி நின்றது, அப்புறம் நாக்கை நீட்டிக்கொண்டு போனது. மூன்று பேரும் அதன் கூடவே நடந்தோம். தொட்டிக்கு அடியில் புகுந்தது. நான் குனிந்து பார்த்தேன், அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. தூம்பில் இறங்கி, கீழே முருங்கை மரத்தடியில் கொட்டுகிற சத்தம் கேட்டது.

“இன்னொரு வாளி” என்றார் பெரியவர்.

இரண்டாவது வாளியும் இறங்கியதும், காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். “அண்ணாச்சி, என்ன தண்ணி இது? எங்க சுவர்ல வந்து அடிக்கே!”